டென்சில் காத்திருந்த கேமரா

டென்சில் எடுத்த திருமண ஆல்பங்கள் ஊரிகத்தில் பாதி வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் மணப்பெண்கள் இயல்பாகச் சிரிக்கிறார்கள். படம் என்றாலே விறைத்துக்கொள்ளும் மாமனார்கள்கூட ஒரு கணம் தம்மை மறந்து நிற்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அத்தகைய முகங்களைப் பெறத் தெரிந்த அவரால், தம் மனைவி இசபெல்லாவின் முகத்தை மட்டும் திருமணமான நாளிலிருந்து ஒருமுறைகூடப் படத்தில் பிடிக்க முடிந்ததில்லை.

காரணம், கேமரா எழுப்பும் சத்தம். டென்சிலிடம் இருந்தது, உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா. பொத்தானை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி எழுந்து விழும். ஓட்டின் மேல் கல் பட்டதுபோல் ஒலிக்கும். அந்த ஒலிக்கு முன்பே, அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே, இசபெல்லாவின் தோள்கள் உயரும், உதடுகள் ஒட்டிக்கொள்ளும், பல் பிடுங்க உட்கார்ந்தவரைப் போல முகம் இறுகிவிடும். திருமணப் படத்திலும் அந்த முகம்தான். மகள் நிக்கோலின் ஞானஸ்நானப் படத்திலும் அதுதான். கைப்பேசியை நீட்டினாலோ, படம் விழுவதற்குள் உள்ளங்கை குறுக்கே வந்துவிடும்.

"என்னையே ஏன் புடிக்கிறீங்க? ஊர்ல கீற பொண்ணுங்க பத்தலையா உங்களுக்கு?" என்பார் இசபெல்லா.

கேமராவைக் கீழே வைத்த மறுகணம் அந்த முகம் திரும்பி வந்துவிடும். சமையலறை வாசற்படியில் நின்று கணவரைக் கேலி செய்யும்போது, இசபெல்லாவின் சிரிப்பு முதலில் கண்ணின் ஓரத்தில் தொடங்கும். பிறகே வாய்க்கு வரும். டென்சிலுக்கு வேண்டியது அந்தச் சிரிப்புதான். அவசரம் ஒன்றுமில்லை, என்றாவது எடுத்துவிடலாம் என்று பல ஆண்டுகள் இருந்துவிட்டார்.

இசபெல்லாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது அவசரம் வந்தது. டயாலிசிஸுக்காகக் கோலாருக்குப் போய்வரும் வாழ்க்கை தொடங்கியது. கன்னம் ஒட்டியது, கழுத்தெலும்பு தெரிந்தது, ஆனால் கண்ணோரச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் மருத்துவர் டென்சிலைத் தனியாக அழைத்துப் பேசினார். அவர் சொன்னவற்றில் பாதி டென்சிலின் காதில் ஏறவில்லை. ஏறிய பாதி போதுமானதாக இருந்தது. இசபெல்லா இருக்கும்போதே, இசபெல்லாவாகவே இருக்கும் ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது அன்று முதல் அவருடைய ஒரே நினைப்பாயிற்று.

அந்த நாள்களில்தான் புதிய கேமராவைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. கண்ணாடியே இல்லாத, மிரர்லெஸ் வகையில் மிக உயர்ந்த மாடல். இன்னும் வெளியாகவில்லை, கசிந்த படங்களும், முன்கூட்டியே கையில் வாங்கிப் பார்த்தவர்களின் வீடியோக்களும் மட்டுமே கிடைத்தன. பெங்களூருத் திருமணங்களுக்குப் போகும் ரயிலில் டென்சில் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இந்த வகையின் பழைய மாடல்களைக் கடையில் பிடித்துப் பார்த்து, பிடிக்காமல் திருப்பி வைத்தவர் அவர். அவை பெரிய கைக்கு ஏற்றவையல்ல. சுண்டுவிரல் பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். புதியதில் பிடி ஆழமாகச் செய்யப்பட்டிருந்தது. கட்டைவிரல் போய் நிற்குமிடத்தில் குவியத்துக்கான சிறு குமிழ் இருந்தது. பின்திரையை மேல்நோக்கி மடக்கலாம். கேமராவை வயிற்றருகே வைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தே படம் எடுக்கலாம். எதிரே இருப்பவரின் கண்ணை அதுவாகத் தேடிப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அணுவளவும் சத்தம் எழுப்பாது.

"பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி கீறீங்க," என்றார் இசபெல்லா. டென்சில் ஒரு சோப்பு டப்பாவை வலக்கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பொத்தான் எந்த விரலுக்கு என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"சிரிக்காத. இங்க பாரு, இது ஷட்டர். இது இங்க. பார்க்காமலே விரல் போவணும்."

"சரி, போவட்டும். அந்த டப்பாவ மட்டும் எடத்துல வைங்க. துணி தொவைக்கணும்."

மெனுவின் வரிசைகூட அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. சத்தத்தை அணைக்கும் இடத்துக்கு எந்தப் பக்கத்தில், எத்தனை முறை கீழே தள்ள வேண்டும் என்பதைக் கட்டைவிரல் காற்றிலேயே பழகிக்கொண்டது.

புதிய மாடல் அறிவிக்கப்பட்ட நாளிலேயே பழையதன் விலை சரிந்துவிடும் என்பது இத்தொழிலில் உள்ள அனைவருக்கும் தெரியும். ஆகவே, வரப்போகிறது என்ற பேச்சு உறுதியானதும், பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதற்குப் பதிவு செய்துகொள்வார்கள். டென்சிலும் அப்படியே செய்தார். பெங்களூருக் கடையில் பழைய கேமராவைக் கொடுத்தார்; லென்ஸ்களை மட்டும் வைத்துக்கொண்டார். அடுத்த மாதமே வந்துவிடும் என்றார்கள்.

அடுத்த மாதம் வரவில்லை. வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்த பிறகும் இந்தியாவுக்கு வந்து சேரவில்லை. திருமண வேலைகளுக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் மனோகரிடம் கேமராவை வாங்கிப் போய், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்.

"தாலி கட்டுற மாசத்துல கேமராவ வித்துட்டு என் கடை வாசல்ல நிக்கிற ஒரே போட்டோகிராபர் நீதான்பா," என்றார் மனோகர். "ரெண்டு நாள் இத்த வீட்டுலயே வெச்சிக்கோ. சிஸ்டர ஒரு படம் எடு."

"இதுவும் கண்ணாடி வெச்சதுதானே மனோகர். டக்குனு அடிச்சா அவ மூஞ்சி மாறிடும்."

"மாறட்டுமே. மாறின மூஞ்சியும் அவங்களுதுதானே."

டென்சில் கேமராவை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தார். புதியது வந்துவிடும் என்று நம்பினார். மேலும், அந்த வாரங்களில் இசபெல்லாவின் உடல் தேறியிருந்தது. மருந்தை மாற்றியதில் பசி எடுத்தது; வீக்கம் வடிந்தது. தாமே எழுந்து காப்பி போட்டார். காலம் இருக்கிறது என்று வீட்டில் அனைவருமே எண்ணினார்கள்.

அப்படி ஒரு காலையில், இசபெல்லா வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பழைய தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த மில் மேட்டின் வெளிறிய மண்ணில் பட்டுத் திரும்பிய வெயில் வீட்டுக்குள் மென்மையாக வந்து, முகத்தின் ஒரு பக்கத்தில் விழுந்தது. தொழில் தெரிந்தவர் எவரும் அந்த வெளிச்சத்தைக் கண்டால் நின்றுவிடுவார்கள். டென்சில் நின்றார். கையில் சோப்பு டப்பாகூட இல்லை. வெறுங்கைகளை வயிற்றருகே குவித்து, இல்லாத பிடியைச் சுற்றி விரல்களை வளைத்து, இல்லாத திரையைக் குனிந்து பார்த்தார்.

இசபெல்லா நிமிர்ந்தார். "இன்னா பண்றீங்க?"

"அசையாத. உன்னத்தான்."

"தனியா கோயில் வாசல்ல நின்னு இப்படிப் பண்ணிடாதீங்க. காசு போட்டுட்டுப் போயிடுவாங்க."

சொல்லிவிட்டு இசபெல்லா சிரித்தார். கேமரா இல்லையாதலால் தோள் உயரவில்லை, உதடு ஒட்டவில்லை. சிரிப்பு கண்ணோரத்தில் தொடங்கி, வாய்க்கு வந்து, மடியிலிருந்த பட்டாணி சிதறும் அளவுக்கு வளர்ந்தது. அத்தனை ஆண்டுகளாக டென்சில் காத்திருந்த முகம், அவருக்கு வேண்டிய வெளிச்சத்தில், அவர் நினைத்த தூரத்தில், அப்படியே இருந்தது. சுட்டுவிரல் காற்றை அழுத்தியது.

"எப்படி வந்திருக்குது, காட்டுங்க பாப்போம்," என்று இசபெல்லா கையை நீட்டினார்.

டென்சில் வெறும் உள்ளங்கையைக் காட்டினார்.

"கலர் கொஞ்சம் கம்மியா கீதே," என்று சொல்லிவிட்டு இசபெல்லா மறுபடியும் பட்டாணி உரிக்கத் தொடங்கினார். டென்சில் உதிர்ந்தவற்றைப் பொறுக்கிக் கொடுத்தார். அன்று மாலையே மனோகரிடம் போய்க் கேமராவை வாங்கி வரலாமா என்று நினைத்ததாகவும், புதியது வர இனி ஒரு வாரம்தானே என்று இருந்துவிட்டதாகவும் பின்னர் அவர் மகளிடம் சொன்னார்.

மழை பிடித்த வாரத்தில் இசபெல்லாவுக்குக் காய்ச்சல் கண்டது. நோய்த்தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டது என்று கோலார் மருத்துவமனையில் சொன்னார்கள். கடையிலிருந்து அழைப்பு வந்தபோது டென்சில் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

"சார், ஸ்டாக் பந்திதே. யாவாக பர்தீரா?" என்று, கேமரா வந்துவிட்டதைச் சொல்லி, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டது கன்னடக் குரல்.

இப்போது வர இயலாது என்று டென்சில் சொல்வதற்குள், இசபெல்லா விழித்து, இன்னா என்று சைகையால் கேட்டார். விவரம் தெரிந்ததும், மகளுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். நிக்கோல் பெங்களூரில் வேலை பார்ப்பவள். நாள்தோறும் ரயிலில் போய்வருபவள்.

"நிக்கோல், வர்றப்ப டாடியோட கேமராவ வாங்கினு வந்துடும்மா," என்றார் இசபெல்லா. குரல் மெலிந்திருந்தது. "இல்லன்னா ஆஸ்பத்திரியில கீறவங்க எல்லாருக்கும் கையாலயே படம் புடிச்சிக் காட்டிகினு இருப்பாரு."

நிக்கோல் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பார்சலை வாங்கினாள். மாலை ரயில் ஏறினாள். பங்காருபேட்டையில் இறங்கிக் கோலாருக்குப் பேருந்து பிடிப்பதாகத் திட்டம். ரயில் பங்காருபேட்டையை நெருங்கும்போது, தாய்மாமன் ஆஸ்டின் அழைத்தார். கோலாருக்கு வர வேண்டாம், நேராக ஊரிகம் வீட்டுக்கே போய்விடு என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அன்று அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, சன்னலில் தலை சாய்த்தபடி அவள் ஊரிகம்வரை வந்தாள்.

மறுநாள் காலையில் வீட்டின் முன் ஷாமியானா போட்டார்கள். நிக்கோல் பார்சலைப் பிரித்துப் பேட்டரியைச் சார்ஜில் போட்டாள். எதற்காக அதைச் செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

கல்லறைக்குப் புறப்படுமுன், பெட்டியைச் சுற்றி உறவினர் அனைவரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது இங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்கம். அந்தப் படத்துக்குப் பிறகே மூடியை வைப்பார்கள். இதற்கென்று எவரும் உத்தரவு கொடுப்பதில்லை. கேமரா 'டக்'கென்று ஒலித்ததும், நிற்பவர்கள் அசைவார்கள். மூடியோடு நிற்பவர்கள் முன்னே வருவார்கள். எத்தனையோ வீடுகளில் டென்சில் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்.

இந்த வீட்டுக்கு மனோகர் வந்திருந்தார். உறவினர்களை வரிசைப்படுத்திவிட்டு அவர் கேமராவை உயர்த்தியபோது, டென்சில் பெட்டியின் தலைமாட்டிலிருந்து விலகி வந்தார்.

"நான் எடுக்கிறேன் மனோகர்."

"வேணாம்பா. நீ அங்க நில்லு. இது நீ எடுக்குற படம் இல்ல."

"டாடி, அங்கிள் எடுக்கட்டும்," என்றாள் நிக்கோல்.

"சத்தம் வந்தா அவளுக்குப் புடிக்காதும்மா," என்றார் டென்சில்.

நிக்கோல் உள்ளே போய்ப் புதிய கேமராவை எடுத்து வந்து, பழைய லென்ஸையும் அதைப் பொருத்தும் வளையத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். டென்சில் அன்றுதான் அதை முதன்முதலாகத் தொடுகிறார். ஆனால் விரல்கள் தயங்கவில்லை. பிடி, கேள்விப்பட்டபடியே, உள்ளங்கையை நிறைத்து உட்கார்ந்தது, சுண்டுவிரல் தொங்கவில்லை. கட்டைவிரல் மெனுவில் பழகிய வழியே இறங்கிச் சத்தத்தை அணைத்தது. திரையை மேல்நோக்கி மடக்கி, வயிற்றருகே பிடித்துக் குனிந்தார்.

திரையில் சிறிய பச்சைக் கட்டம் ஒன்று கண்களைத் தேடியது. நிக்கோலின் கண்ணில் நின்றது, ஆஸ்டினுடையதற்குத் தாவியது, போதகரிடம் போனது, மறுபடியும் நிக்கோலிடம் வந்தது. டென்சில் குமிழைத் தள்ளி அதை இசபெல்லாவின் முகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அது நிற்கவில்லை. நழுவி மகளிடமே போயிற்று. மீண்டும் கொண்டுவந்தார். மீண்டும் போயிற்று. பிறகு அதை அதன் போக்கில் விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

படம் விழுந்தது. ஒலி எதுவும் எழவில்லை.

நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூடியோடு நின்ற இருவரும் அசையவில்லை. டென்சில் இன்னும் தயாராகவில்லை என்றே அனைவரும் நினைத்தார்கள். நிக்கோல் தாயின் கைமேல் கையை வைத்திருந்தாள். டென்சில் மறுபடி அழுத்தினார். மறுபடியும். ஷாமியானாவில் தேங்கியிருந்த மழைநீர் ஓரத்தில் சொட்டுவது மட்டும் கேட்டது.

"மாமா," என்றார் ஆஸ்டின் தாழ்ந்த குரலில். "எடுத்தாச்சா?"

டென்சில் பேசவில்லை. பேசாத வரையில் ஒருவரும் அசையப் போவதில்லை. மூடி அங்கேயே நிற்கும். இசபெல்லாவின் முகம் வெளிச்சத்தில் இருக்கும். மற்ற வீடுகளில் இந்த நேரத்தைக் கேமராவே முடித்துவைக்கும். இங்கே அதை அவர் தம் வாயால் சொல்லியாக வேண்டும்.

போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். டென்சிலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். காத்திருந்தார்கள். வரிசையின் பின்புறத்தில் வயதான ஒருவரின் கால்கள் நடுங்கத் தொடங்கின; பக்கத்தில் நின்றவர் அவர் முழங்கையைத் தாங்கினார். டென்சில் அதைத் திரையில் பார்த்தார்.

"ஆச்சு," என்றார். "மூடிடுங்க."

கேமராவை இறக்காமல், குனிந்தபடியே நின்றார். திரையில், உறவினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள்; மூடியோடு இருவர் உள்ளே வந்தார்கள்.