காலுறைக்குள் சீனி

மலாயாவில் கோலசிலாங்கூருக்கு வடக்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் ரெங்கசாமி மண்டோருக்கு இரண்டே பேரைத்தான் பிடிக்காது. ஒருவர் தோட்டத்துத் துரை. இன்னொருத்தி அவர் பெற்ற மகள் வேலம்மா. துரையை ஒன்றும் செய்ய முடியாது என்பதால் அவர் பங்கையும் சேர்த்து வேலம்மாவே வாங்கிக்கொண்டாள்.

அடி கிடையாது, வாய்தான். கோலம் போட்டால், “உனக்கு வராது, விடு.” பால் வெட்டப் போனால், “மரத்தக் கொல்லாத, உனக்கு வராது.” தாயில்லாத வீடு, மறுத்துப் பேச ஆளில்லை. இருபத்திரண்டு வயதுக்குள் அவளுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள், “சமைப்பியாம்மா?” என்று கேட்டதற்கு, “எனக்கு வராதுங்க” என்றாள். அவர்கள் முன்னால் இருந்த வடையே அவள் சுட்டதுதான். ஆளுக்கு நாலு தின்றுவிட்டு, சம்பந்தம் சரிப்படாது என்று எழுந்து போனார்கள்.

வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலம் வந்தது. ஐம்பத்திரண்டில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி அரிசியோ சீனியோ எடுத்துப்போனால் சிறை. ஆண்களைச் சோதிக்க உதுமான் என்ற ஸ்பெஷல் போலீஸ்காரன் இருந்தான். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும். அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிவில்லை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியம் வேலம்மாவைக் கூப்பிட்டார்.

“எனக்கு வராதுங்க.”

“வராட்டிப் பரவால்ல. சும்மா நின்னாப் போதும் லா.”

நின்றாள். முதல் வாரம், “ஒண்ணுமில்ல புள்ள” என்று யார் சொன்னாலும், “சரிக்கா” என்று விட்டுவிட்டாள். இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டுத் தாயம்மா வரிசையில் வரும்போதே அவள் கொண்டைக்குள் என்னவோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. காட்டிக்கொடுத்தது கொண்டை அல்ல, கழுத்து. அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு வசவா மௌனமா என்று கணித்து வளர்ந்தவள் வேலம்மா. நடையையும் தோளையும் படிக்காமல் அந்த வீட்டில் காலம் தள்ள முடியாது. அது ஒரு திறமை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

“அக்கா, தலை ஈரமா இருக்கு. வீட்டுக்குப் போயித் துவட்டிட்டு வாங்க” என்றாள், மெல்ல.

தாயம்மா விழித்தாள். போய், மரத்தடியில் கடித்துக்கொள்ள வைத்திருந்த வெல்லத்தை வீட்டில் போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் தோட்டத்துப் பெண்களில் பாதிப் பேருக்குத் தலை ஈரமானது. ஒருத்தியும் சிறைக்குப் போகவில்லை.

மண்டோருக்குப் பத்து மணிக் காப்பியில் சீனி இல்லாவிட்டால் உலகமே கசக்கும். ஒருநாள் காலை, வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஜீப்பில் வந்து வாசலில் நின்றார். மண்டோர் தொப்பியும் அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை ஏறிய காலுறையுமாக வந்தார். உதுமான் மரியாதைக்கு இடுப்பை மட்டும் தட்டிவிட்டு, “போங்க மண்டோர்” என்றான்.

தரை அதிர நடக்கும் மனிதர், அன்று முட்டையின் மேல் வைப்பதுபோல் இடது காலை எடுத்து வைத்தார். வேலம்மா பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சிரிப்பு. ஒரு சத்தம் போட்டால் போதும், இருபது வருஷத்துக்கும் சேர்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். அதிகாரி அந்தக் காலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

“அப்பா, கால்ல எறும்பு ஏறுது பாருங்க! வீட்டுக்குப் போயிக் கழுவிட்டு வாங்க.”

வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கு அர்த்தம் தெரியும். மண்டோர் முகம் சிவக்க, உண்மையாகவே எறும்பு கடிக்க, முடிந்த அளவு கௌரவமாக நொண்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

“எப்புடித் தெரிஞ்சுச்சு?”

“பொறந்ததுலேர்ந்து உங்க நடையத்தானப்பா பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அவர் குழம்பு ஊற்றச் சொன்னார். அவ்வளவுதான்.

ஆனால் கள்ளுக்கடையில் வேறு விதமாகப் பேசியிருக்கிறார். தாயம்மா ஓடிவந்து சொன்னாள்: “என் மகள எவனாலும் ஏமாத்த முடியாதுன்னாராம்டி!”

“எந்த மகள?”

“அவருக்கு எத்தன மக?”

வேலம்மா அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவர் வாயாலேயே கேட்டிருந்தால் நம்பியிருப்பாள். அவர் கடைசிவரை நேரில் சொல்லவே இல்லை.

வேலியைப் பிரித்த பிறகு தஞ்சோங் காராங்கில் ஜெய்னுலாப்தீன் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாங்க வந்தவர் யார், சும்மா புரட்டிப் பார்க்க வந்தவர் யார் என்று படியேறும்போதே சொல்லிவிடுவாள். “ஒன்னை மாதிரி ஆளு இந்தப் பக்கத்துலயே கெடையாதும்மா” என்று ஒருநாள் முதலாளி சொன்னபோது, யாரைச் சொல்கிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் மெதுவாகச் சிரித்தாள்.