ஒன்றாம் வகுப்பில் நான் வாய் திறக்காத மாதம்

அன்பான சகோதர சகோதரிகளே, ஏழு வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்மஸ் அன்று என் குரல் போய்விட்டது. இருமலோ தடிமனோ இல்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது.

குற்றம் என்னுடையதுதான், மறைக்கவில்லை. மார்கழி முழுக்க நாங்கள் கரோல் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொட்டுகிற மழையில் லொறியின் பின்பக்கம் ஏறி நின்று, உப்புவெளி வரைக்கும் வீடு வீடாகப் பாடினோமே! இரண்டாம் நாளே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அக்கா, இண்டைக்கு நீங்கள் விடுங்கோவன்" என்று பாடகர் குழுப் பிள்ளைகள் கெஞ்சினார்கள். "நான் விட்டா மேல்சுருதி ஆர் எடுக்கிறது? நீங்களோ?" என்று கேட்டேன். எவ்வளவு பெருமை எனக்கு! நத்தார் ஆராதனையில் கடைசிப் பாட்டின் நடுவில் குரல் அப்படியே நின்றது.

வைத்தியர் என் தொண்டைக்குள் கமராவை விட்டுப் பார்த்தார். குரல் நாண் வீங்கி, புண்ணாகி இருந்தது. "ஒரு மாதம் ஒரு சத்தமும் வரக்கூடாது டீச்சர். குசுகுசுக்கவும் கூடாது. கத்தினீங்கள் எண்டால் பிறகு இந்தக் குரல் வராமலே போகலாம்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர், "கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு மாச லீவு கிடைச்சிருக்கு" என்றார். சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. சத்தம் இல்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடம் தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. துறைமுகப் பக்கம் இருந்த எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். அந்த வருடம் பதிந்தது பதினாறு பிள்ளைகள். அதிபர் என்னை எதிரில் இருத்திவைத்து வெளிப்படையாகவே சொன்னார். "டீச்சர், உங்களை விட்டா எனக்கு ஆள் இல்லை. முதல் கிழமையே பிள்ளையள் அழுதுகொண்டு நிண்டா, தாய்மார் டவுனுக்குள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாத்திப்போடுவினம். ஒண்டாம் வகுப்பு இல்லாமல் போனா இந்தப் பள்ளிக்கூடம் எத்தினை வருஷத்துக்கு நிக்கும்?" நான் கொப்பியில் 'வாறன்' என்று எழுதிக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். "சரி. ஒரு கிழமை பாப்பம். ஏலாட்டி ரெண்டாம் வகுப்போட சேத்து விடுறன்."

அந்தப் பத்து நாளும் நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். உமக்குத்தானே பாடினேன், அதற்கு இதுவா கூலி என்று கேட்டேன். பிறகு, மாட்டேன் மாட்டேன் என்றிருந்த முழங்கால் மடிந்தது. பாட்டுக்கு வேண்டாம் ஆண்டவரே, பிள்ளைகளுக்காக மட்டும் என் குரலைத் திருப்பித் தாரும் என்று மன்றாடினேன். புதுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா அன்று விடியவே வகுப்புக்குப் போய், அந்தக் குட்டிக் கதிரைகளுக்கு நடுவில் முழங்காலில் நின்று மறுபடியும் அதையே கேட்டேன். எழும்பி, வாயைத் திறந்து பார்த்தேன். காற்றுத்தான் வந்தது.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. முந்தின நாள் நாங்கள் கட்டிய குருத்தோலைத் தோரணத்தில் பாதியை, எங்கள் தெருக்களில் திரியும் மான்கள் தின்றுவிட்டுப் போயிருந்தன. மீதிப் பாதி மழையில் நனைந்து மணத்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. எங்கள் வழக்கப்படி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து, புதுப் பிள்ளைகளுக்கு மாலை போட்டு, ஆளுக்கொருவரைக் கையில் பிடித்து வகுப்புக்குக் கூட்டிவந்து இருத்தினார்கள். அத்தோடு அவர்கள் தங்கள் வகுப்புக்குப் போய்விட வேண்டும்.

ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. அதைப் பார்த்து மற்றது. ஐந்து நிமிடத்தில் வகுப்பே ஓலமிட்டது. சன்னல் கம்பிகளுக்கு வெளியே தாய்மாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கை தட்டினேன். விரலைக் காட்டினேன். ஒருவரும் பார்க்கவில்லை. வாசலில் அதிபரின் முகம் கறுத்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போதுதான் தர்ஷிகா பேசினாள். அதற்கு முந்தின வருடம் என்னிடம் படித்தவள், இரண்டு பின்னலும் முன்பல் இல்லாத வாயுமாக இன்னும் போகாமல் நின்றிருந்தாள். என்னுடைய அதே இராகத்தில் உரக்கச் சொன்னாள்.

"சப்பாத்து வாசலில! போத்தில் சன்னலில! கண் ரெண்டும் என்னில!"

பத்தொன்பது வருடமாக நான் ஒவ்வொரு காலையும் சொன்ன வரி அது. வெளியே போய்க்கொண்டிருந்த இரண்டாம் வகுப்பு முழுவதும் திரும்பி வந்து அதையே பாடியது. அழுத பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு தர்ஷிகாவைப் பார்த்தார்கள். அவள் பதறிப்போனாள். "என்னில இல்லை, டீச்சரில!" என்று என்னைக் கைகாட்டினாள். தாய்மார் சிரித்துவிட்டார்கள். அதிபரும்தான்.

அன்றிலிருந்து தினமும் முதல் பாடவேளைக்கு தர்ஷிகாவை எனக்குத் தந்தார் அதிபர். நான் கண்ணைக் காட்டினால் போதும், அவள் சொல்வாள். ஆண்டவரே, நான் கேட்பதற்கு ஒரு வருடம் முன்னரே என் குரலைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தீரே என்று துள்ளினேன். இந்தச் சாட்சி அதோடு முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் நிதுஷன் என்ற பையன் கதவடியில் நின்று அம்மா, அம்மா என்று விக்கினான். தர்ஷிகா அவன் முன்னால் போய் நின்றாள். இடுப்பில் கையை வைத்தாள். விரலை நீட்டினாள்.

"நிதுஷன்! இன்னும் அழுதா கதவைப் பூட்டிப்போடுவன். பிறகு அம்மா வரவே மாட்டா!"

அதுவும் என் குரல்தான். என் விரல்தான். முந்தின வருடம் அதே கதவடியில் அழுதவள் தர்ஷிகா. அவளிடம் அதைச் சொன்னவள் நான். அன்று அவள் உடனே அடங்கிவிட்டாள். நல்ல பிள்ளை என்று மெச்சிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். அவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை.

இப்போது நிதுஷனின் முகத்தைப் பார்த்தேன். அவனும் அடங்கிவிட்டான். ஆனால் உதடு வெளுத்து நடுங்கியது. ஐயோ! பத்தொன்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளை இப்படி அடக்கியிருப்பேன்!

ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து அவனை மடியில் எடுத்தேன். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாய் இல்லை. எட்டிச் சோக்கை எடுத்து, கீழ்க் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். தர்ஷிகா எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அம்... மா... வ... ரு... வா."

நிதுஷன் அவளைப் பார்த்தான். அவளோ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உண்மையாவோ டீச்சர்?"

ஒரு வருடமாக அந்தப் பிள்ளை, அழுதால் அம்மா வரமாட்டாள் என்று நம்பிக்கொண்டு என் வகுப்பில் இருந்திருக்கிறது. நான் தலையை ஆட்டி ஆட்டி, அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டு அழுதேன். என் குரலைத் தாரும் என்று கேட்டவள் நான். அது எப்படிப்பட்ட குரல் என்று ஆண்டவர் எனக்கு முதலில் காட்டினார்.

அடுத்த நாள் நிதுஷன் விக்கியபோது தர்ஷிகா விரலை நீட்டவில்லை. பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்து, "பதினொண்டரைக்கு அம்மா வருவா, என்ன" என்றாள். கிழமை முடிவில் பதினாறு பிள்ளைகளும் இருந்தார்கள். அதிபர் சேர்ப்பது பற்றிப் பிறகு கதைக்கவேயில்லை. அந்த வகுப்பைப் போல ஒரு வகுப்பை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. போன வருடம் ஓய்வு பெற்றபோது நான் நினைத்து நினைத்து அழுததும் அவர்களுக்காகத்தான்.

ஐந்தாம் கிழமை வைத்தியர் கதைக்கச் சொன்னார். மேல்சுருதி திரும்பவில்லை, இப்போது நான் கீழ்ச்சுருதியில்தான் பாடுகிறேன், அதுவும் போதும். வைத்தியரிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பஸ் பிடித்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இரண்டாம் வகுப்பு வாசலில் நின்று தர்ஷிகாவைக் கூப்பிட்டேன். கரகரத்த அந்தக் குரலில் நான் முதன்முதல் சொன்னது இதுதான்: "மகள், போன வருஷம் டீச்சர் உன்னட்டச் சொன்னது பொய். மன்னிச்சுக்கொள்."

"தெரியும் டீச்சர்," என்றாள் அவள். "நிதுஷன் அழுதும் அவன்ர அம்மா ஒவ்வொரு நாளும் வந்தவதானே."

உங்களில் யாராவது இன்று எதையோ இழந்து, அதைத் திருப்பித் தாரும் என்று மன்றாடிக்கொண்டிருந்தால், விடாமல் கேளுங்கள். அவர் தருவார். தருவதற்கு முன் உங்களுக்கு எதையாவது காட்டினால், முகத்தைத் திருப்பாமல் பாருங்கள். எனக்குக் காட்டியதற்காகத்தான் நான் அவருக்கு அதிகம் நன்றி சொல்கிறேன்.