உள்ளே தெரிகிற பை

எங்கள் ஆபீஸில் ஒரு நாள் முழுக்க நீல நிறத்தைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் ஆன்லைன் கடைகளுக்குப் பொருள் விவரங்களைச் சீராக்கித் தருவது எங்கள் வேலை. ஒரே கையுறையை ஒரு கம்பெனி வானநீலம் என்று எழுதும், இன்னொன்று கடல்நீலம் என்னும், மூன்றாவது கம்பெனிக்காரருக்குக் கவிதையே வந்துவிடும். எல்லாவற்றையும் நீலம் என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்க வேண்டும். எதனால் செய்தது என்பதும் அப்படித்தான். பாலித்தீன், பிவிசி, எது வந்தாலும் பிளாஸ்டிக். எனக்கு இந்த வேலை பிடிக்கும். கலைந்து கிடக்கிற துணிகளை மடித்து வைக்கிற சுகம் இதில் உண்டு.

போன வருடம் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் பைகள் வந்தன. குடல் ஆபரேஷன் ஆன சிலருக்கு வயிற்றில் ஒரு வாய் வைத்துவிடுவார்கள். மலம் அந்த வழியாக வந்து இந்தப் பையில் சேரும். சில பைகளில் உள்ளே இருப்பது அப்படியே தெரியும், பழுப்புப் பைகளில் தெரியாது. எங்கள் டீம் லீடர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடச் சின்னவர், நல்ல மனுஷர். "ட்ரான்ஸ்பரன்ட் ஒரு கலரே இல்லீங்களேக்கா" என்றார். கலர் இல்லையென்றால் நிறத்துக்கான கட்டம் காலி. காலிக் கட்டத்தை, அதே அளவுள்ள வேறு பையைப் பார்த்து சிஸ்டமே நிரப்பிக்கொள்ளும். ஆக, உள்ளே தெரிகிற பையும் பழுப்பாகிவிட்டது. இரண்டும் பழுப்பு, இரண்டும் பிளாஸ்டிக், இரண்டும் ஒன்று; கடை எதற்குப் பதில் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். அவர் பேச்சில் தப்புச் சொல்ல முடியவில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் அப்பா அந்தப் பையோடுதான் இருக்கிறார். ஆபரேஷன் ஆன புதிதில் உள்ளே தெரிகிற பைதான் வேண்டும், நர்ஸ் பார்க்க வசதி. வீட்டுக்கு வந்த பிறகு யாருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்? ஒருமுறை கடையிலிருந்து ஒரு பெட்டி நிறைய அந்த வகையே மாறி வந்துவிட்டது. நடந்தால் காகிதம் மாதிரி சரசரக்கும். வேறு பெட்டி வரும்வரை அப்பா அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பை நிறையக் கூடாதென்று சாப்பாட்டைப் பாதியாக்கினார். தினமும் மல்லேஸ்வரம் வரை நடந்துபோய்க் காபி குடித்துவிட்டு வருகிறவர், சத்தம் அடுத்தவர் காதில் விழுமென்று வாசற்படியைத் தாண்டவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. விஷயத்தை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தார். தெருவுக்கு அது வெறும் வயிற்றுக் கோளாறு.

லீடர் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம், ஆபீஸில் நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். உங்களைப் பற்றிச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும், சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. எத்தனை பேர் வீட்டுக்கு இப்படி மாறிப் போகப்போகிறதோ, இவருக்குத் தன் மானம்தான் பெரிசு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே படுத்தேன்.

காலையில் என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் இரண்டு புதுப் பைகள் பேப்பரில் சுற்றி இருந்தன. ஒன்று மாறி வந்த பெட்டியில் மிஞ்சியது, இன்னொன்று அப்பா தினமும் போடுவது.

"எம்பேரு வேணாம்மா. பைய மட்டும் காட்டு" என்றார்.

லீடர் மேஜையில் இரண்டையும் வைத்தேன். கசக்கிப் பார்த்தார். ஒன்று சரசரத்தது. உள்பக்கம் துணி ஒட்டிய பழுப்புப் பை சத்தமே போடவில்லை. பிறகு, குடித்துக்கொண்டிருந்த காபியை என்னைக் கேட்காமலே உள்ளே தெரிகிற பையில் கொஞ்சம் ஊற்றி, அதைத் தன் சட்டைமேல், வயிற்றருகே வைத்துக் குனிந்து பார்த்தார். மத்தியானத்துக்குள் நிறப் பட்டியலில் உள்ளே தெரிவது, தெரியாதது என்று இரண்டு புதுச் சொற்கள் ஏறிவிட்டன. துணி ஒட்டியதற்கும் தனியாக ஒரு சொல் கிடைத்தது. நான் கிளம்பும்போது, இந்தப் பை யாருக்கு என்று லீடர் மெதுவாகக் கேட்டார். வீட்டில் ஒருத்தருக்கு என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் அப்பா விடாமல் விசாரித்தார். காபி ஊற்றிய இடத்தில் சிரித்துவிட்டார்.

"யாருக்குன்னு கேட்டாரா?"

"கேட்டாருப்பா. வீட்ல ஒருத்தருக்குன்னு சொன்னேன்."

டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"எங்கப்பாவுக்குன்னே சொல்லிருக்கலாமே" என்றார்.