அமிர்தவல்லியின் முழம்

அமிர்தவல்லியைப் பெண் பார்க்க வந்தபோது மாமனார் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவேயில்லை. மல்லிகைப் பந்து ஒன்றை நீட்டி, "ஒரு முழம் அளந்து குடும்மா" என்றார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தைப் பிடித்து அளந்து கொடுத்தாள். அந்த மனுஷன் அதைத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். நாலு விரற்கடை குறைந்தது. அங்கேயே தட்டு மாற்றிவிட்டார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பூக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய சீர் என்ன வேண்டும்?

இருபத்தாறு வருஷம் ஆயிற்று. அன்று உட்கார்ந்தவள்தான். விடிவதற்குள் வந்தால் கடைசி பஸ் போகும்வரை அதே பலகை. முட்டி இரண்டும் மடங்கியே இறுகிவிட்டன. எங்கெங்கிருந்தோ வருகிறவர்களெல்லாம் ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கி அவளிடம் பூ வாங்கிப் போகிறார்கள். அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. தொண்டூரில் அக்கா வீட்டுக் களையெடுப்புக்குப் போகணும், நாலு பொம்பளைகளோடு பேசிக்கொண்டே வரப்பில் நடக்கணும், அவ்வளவுதான் அவள் ஆசை. புருஷன் இளையபெருமாள் விட்டால்தானே. அவனுக்கு நீளக் கை. அவன் அளந்தால் கடை ஒரு மாதம் தாங்காது.

போன வருஷம் ஒரு வழி பிறந்த மாதிரி இருந்தது. எடை அளவு பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்து, முழமெல்லாம் கணக்கில்லை, மீட்டரில் விற்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அமிர்தவல்லிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. கம்பியால் அளப்பதென்றால் யார் வேண்டுமானாலும் உட்காரலாமே. துணிக்கடையில் சொல்லிவைத்து ஒரு மீட்டர் கம்பியும் வாங்கிவந்தாள்.

மூன்று நாள்தான். அரை மீட்டர் அறுத்து நீட்டினால், "இது மொழத்துக்குக் கூடவா, கொறைவா?" என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். கோயிலுக்குப் போகிறவர்கள், "சாமிக்குத் துணி மாதிரி அளக்கறியே, கையால குடும்மா" என்றார்கள். அவள் கை குட்டை என்று ஊருக்கே தெரியும். தெரிந்தேதான் கேட்டார்கள். அளந்தபின் இன்னும் ஒரு சாண் விடச் சொல்லிச் சண்டை போட்டால்தான் அவர்களுக்குப் பூ வாங்கின திருப்தி. கம்பியிடம் யார் சண்டை போடுவது?

மகன் எழிலனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தபோது இளையபெருமாள் தெளிவாகச் சொல்லிவிட்டான். "உன் கை அளவுக்கு ஒருத்தி கெடச்சா நீ எழுந்துக்கோ. அப்புறம் தொண்டூருக்குப் போ, எங்கனா போ, உன் இஷ்டம்."

அவலூர்பேட்டையில் வெண்மதி என்று ஒரு பெண். ஆண்கள் காபி குடித்துக்கொண்டிருக்க, தலையில் பூ வைக்கும் சாக்கில் அமிர்தவல்லி அவளை அறைக்குள் அழைத்துப்போய்ப் பந்தை நீட்டினாள். அந்தப் பெண் ஒரு முழம் அளந்தாள். அமிர்தவல்லி தன் கையோடு வைத்துப் பார்த்தாள். தன்னுடையதைவிட ஒரு விரற்கடை குறைவு. எழுந்துவிடலாம். இனி அந்தப் பலகையைத் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

"எதுக்கு அத்த அளக்கறீங்க?"

"கடையில ஒக்காரணும் இல்ல."

"எவ்ளோ நேரம்?"

அமிர்தவல்லி சரத்தை மடித்தாள். வெண்மதி தயங்கித் தயங்கி, "நர்சிங் இன்னும் ஒரு வருஷம் இருக்குது அத்த. முடிக்க வுடுவீங்களா?" என்றாள்.

அமிர்தவல்லி அந்தக் குட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்னைப் பார்க்க வந்த அன்று ஒரு பாவியாவது பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. பூவை அவள் தலையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் இளையபெருமாள் கேட்டான். "இன்னா, அளந்தியா?"

"என்னுதவிட அஞ்சு வெரக்கட நீளம். ஒத்து வராது."

"பாக்கறதுக்குக் குள்ளமா இருந்துச்சே."

"ஆளு குள்ளம். கை நீளம்."

நம்பிவிட்டான். கை விஷயத்தில் அவள் சொன்னால் மறுபேச்சில்லை. செஞ்சியில் இறங்கி, பலகையில் உட்கார்ந்து ஈரத்துணியை விலக்கினாள். செல்லில் யாருடனோ பேசிவிட்டு அவன் வந்தான்.

"தளவானூர்ல ஒரு பொண்ணு இருக்குதாம். கை ரொம்பக் குட்டையாம். பொதங்கெழம போலாம். நீயே அளந்துடு."

தலையாட்டினாள். முட்டி விண்ணென்று தெறித்தது. அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்லத் தனக்குத் தெம்பு இருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.