முக்காலி முறை

மாம்பழக் கூழ் ஃபேக்டரியில், தரம் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மர முக்காலி கிடந்தது. அதன் ஒரு கால் குட்டை. சாயாமலிருக்க சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றியிருக்கும். நான் பார்த்த பார்வைக்கு அது பற்றி எரிந்திருக்க வேண்டும்.

புத்தலப்பட்டு தாண்டி, திருப்பதி சாலையில் இருந்தது அந்த ஃபேக்டரி. வெளிநாட்டுக்குக் கூழ் போகத் தொடங்கிய காலம். பருவம் வந்தால் பழ லாரிகள் சாலை வரை நிற்கும். நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்ப் பெண்களான நாங்கள் ஈரத்தரையில் நின்றுகொண்டே பழம் அறுப்போம். காம்புப் பால் பட்டு விரலிடுக்கெல்லாம் புண்ணாகும். உட்கார்ந்து தரம் பிரிக்கிற வேலை நன்றாகத் தெலுங்கு பேசுகிறவர்களுக்குத்தான். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. எங்களுக்கும் தெலுங்கு தெரியும். வாயைத் திறந்தால், தமிழுக்கு அவர்கள் வைத்த பெயரைச் சொல்லி ‘அரவம்’ என்று சிரிப்பார்கள், அதனால் பின்னாலேயே நின்றுவிடுவோம்.

முக்காலி வெதுருகுப்பத்து அக்காவுக்குக் கிடைத்தது. அவளும் வீட்டில் தமிழ்தான். ஆனால் தெலுங்கு பேசினால் சூப்பர்வைசரே நின்று கேட்பார். நான் பத்தாவது பாஸ். அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எப்படிப் பொறுக்கும் எனக்கு? அதோடு அப்போது நான் முழுகாமல் இருந்தேன். முந்தைய கரு தங்கவில்லை. நின்று நின்றே போய்விட்டது என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலையை விட்டால் அடுப்பு எரியாது; நின்றால் வயிற்றில் இருப்பது நிலைக்குமோ என்று பயம். கால் வீங்க வீங்க, உட்கார்ந்திருக்கும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் டீ முடிந்ததும் அக்கா முக்காலிக்குப் போகவில்லை. நேரே வந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள். “போ, போயி அங்க குந்து” என்றாள். சூப்பர்வைசர் ஓடிவந்தார். அறுக்கிறவளுக்குத் தரம் என்ன தெரியும் என்று தெலுங்கில் கத்தினார். அவருக்குத் தெலுங்கில் சொன்ன பதிலை, எங்களுக்காகத் திரும்பத் தமிழிலும் சொன்னாள்:

“மாம்பழத்துக்கு இன்னா பாஷை? மோந்து பாத்தா தெரிஞ்சிபூடும். கெணத்துத் தண்ணிய முறை வெச்சிக்கினு பாய்ச்சறோம் இல்ல? முக்காலிக்கும் வெச்சா இன்னா?”

வாசலில் லாரிகள் காத்திருந்தன. அவரால் வேலையை நிறுத்த முடியவில்லை. அன்றிலிருந்து எல்லாருக்கும் முறை வந்தது.

உட்கார்ந்ததும் என் இடுப்பு வலி இறங்கியது. பொறாமை இறங்கவில்லை. எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். நாங்களும் பங்குக் கிணற்றுக்காரர்கள்தான், முறைத் தண்ணீருக்கு விடியுமுன் எழுந்து போகிறவள் நான். பத்தாவது படித்த என் மூளைக்கு அது ஏன் தோன்றவில்லை?

அடுத்த பருவத்து வேலைக்குக் கூப்பிட ஃபேக்டரியிலிருந்து அவளுக்கு மட்டும் ஆள் அனுப்பவில்லை. பெங்களூரில் ஏதோ தையல் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முறை மட்டும் நிலைத்துவிட்டது. என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

இப்போது அங்கே நான்தான் சூப்பர்வைசர். ஸ்டீல் ஸ்டூல்கள் வந்துவிட்டன. பழைய முக்காலி ட்யூப் துண்டோடு என் மேசைக்கடியில் கிடக்கிறது. ஆனால் முறைக்குப் பெயர் இன்னும் ‘அக்கா முறை’தான். போன வாரம் புதிதாக வந்த பெண் கேட்டாள்:

“யாருக்கா அந்த அக்கா? நீயா?”

“நானில்லம்மா” என்றேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வயிறு எரிகிறது.