டிரம்பெட்டுக்கு டெட்டால்

எழுபதுகளின் கடைசியில், ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேண்டு மாஸ்டர் இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. இருந்த ஒரே டிரம்பெட்டை நாங்கள் நான்கு பேர் மாற்றி மாற்றி ஊதுவோம். மற்றவர்கள் ஊதினால் சட்டையில் துடைத்துக் கொடுக்கச் சொல்வார். நான் ஊதினால் மட்டும் டெட்டால் பாட்டிலைத் திறப்பார்.

"எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சார்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உங்கப்பன் தோல் ஷாப்புல வேலை செய்றான் இல்ல? அந்த நாத்தம் போவணுமா வாணாமாடா?"

பேண்டின் பெரிய டிரம்மில் இழுத்துக் கட்டியிருந்த ஆட்டுத்தோல், என் அப்பா தோல் பதனிடும் அந்த ஷாப்பில் சுண்ணாம்பில் ஊறவைத்துச் சுரண்டிக் கொடுத்தது. கேட்டு வாங்கியவரே இந்த மாஸ்டர்தான். தினமும் அதில் கன்னத்தை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்குவார்.

இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கன்னத்தில் அவர் ஒருநாளும் டெட்டால் தடவிக்கொண்டதில்லை.