மணியம்மாவின் இடுப்பில் ஒரு கத்தி

மணியம்மாவுக்குப் பயம் பிறவிச் சொத்து. கங்காதர நெல்லூர் பக்கத்தில் காணி நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவளுக்கு வேறு சொத்து எங்கிருந்து வரும்? இடிக்குப் பயம், பூரானுக்குப் பயம், போலீஸ் ஜீப்புக்குப் பயம், ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் பயம். புருஷன் கங்கையா மாமரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது, அந்த லிஃப்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லி, தினமும் மூன்று மாடி படியேறிச் சோறு கொண்டுபோனாள். இப்பேர்ப்பட்டவளுக்குப் புடவைமேல் நீலச் சட்டையை மாட்டிவிட்டு 'செக்யூரிட்டி' என்று நிற்க வைத்தார்கள். கடவுளுக்கும் பொழுது போக வேண்டாமா?

அதுவரை அவள் கரும்பு வெட்டினாள், சீசனில் மாங்காய் பேக்டரிக்குப் போனாள். கங்கையா படுத்த பிறகு மாதச் சம்பளம் வேண்டியிருந்தது. திருப்பதியில் ஒரு பெரிய துணிக்கடை வாசலில் பெண்களின் பையைப் பார்த்து அனுப்பும் வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு திருடியைப் பிடித்தாள். அன்றைக்குத் திருடி திடமாகத்தான் நின்றாள். கைகால் உதறியதும் தண்ணீர் வாங்கிக் குடித்ததும் மணியம்மாதான். பிறகு செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அவளைச் சித்தூர் ஓரத்தில் ஒரு தனியார் ஹைஸ்கூலுக்கு மாற்றினார்கள். பிள்ளைகள்தானே, இனி பயம் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வந்த ஆறாம் மாதம் அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னொருவனைப் பேனாக்கத்தியால் தோளில் கிழித்துவிட்டான். பதினோரு தையல். பெற்றவர்கள் கூட்டமாக வந்து ஆபீஸ் கண்ணாடியைத் தட்ட, நிர்வாகம் அடுத்த வாரமே முன்கேட்டில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து நட்டது. கதவில்லாத நிலைப்படி, மேலே சிவப்பு விளக்கு. இரும்போடு யார் நுழைந்தாலும் அலறும். கூடவே கையில் பிடித்துத் தடவிப் பார்க்க ஒரு கறுப்புக் கட்டை. ஆண் பிள்ளைகளுக்குக் கூட நிற்கும் காவலாளி கன்னையா, பெண் பிள்ளைகளுக்கு மணியம்மா. கத்தி, பிளேடு எது பிடிபட்டாலும் நேராகப் பிரின்சிபல் ரூமுக்குப் போக வேண்டும். பிள்ளைக்கு டி.சி., போலீசுக்குப் போன். விட்டுவிட்ட காவலாளிக்கு அன்றோடு வேலை இல்லை.

அதுமுதல் மணியம்மா காலை எட்டரை மணிக்குச் சாமி பேரைச் சொல்லிவிட்டுத்தான் வரிசையைத் தொடங்குவாள். ஒவ்வொரு பையிலும் கையை விடும்போது, இந்தப் பையில்தான் அது இருக்கிறது என்று தோன்றும். வந்ததெல்லாம் டிபன் டப்பாவும் காம்பஸ் பெட்டியும் குடைக்கம்பியும்தான். மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே அலறல். கன்னையாவுக்குப் பழகிப்போய், அலறும்போதே கொட்டாவி விடுவான். மணியம்மாவுக்கு ஒருநாளும் பழகவில்லை.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. எட்டாம் வகுப்பு ஸ்ரீதேவி பதினாறு நாள் லீவுக்குப் பிறகு வந்தாள். லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதியிருந்தாலும், முகத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தால் யாருக்கும் புரியும். பெண் பெரிய மனுஷியாகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சடங்கு முடிந்து வந்திருக்கிறாள். மணியம்மா சிரித்தாள். அவள் பை மேல் கட்டையை ஓட்டியதும் அது கத்தியது. டிபன் டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள். மறுபடி கத்தியது. கையை அடிவரைக்கும் விட்டாள். பழைய துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று விரலில் பட்டது. துணிக்குள் இருந்தது கைப்பிடி, அதற்கு மேலே கூர்மை.

பத்தடி தள்ளிப் பிரின்சிபல் நின்று யாரோ ஒரு தகப்பனோடு பேசிக்கொண்டிருந்தார். பின்னால் நாற்பது பெண்கள் வரிசையில். ஸ்ரீதேவியின் கண்ணில் அப்படி ஒரு பயம். பயத்தில் பட்டம் வாங்கிய மணியம்மாவுக்கு அது தெரியாதா? தெரிந்தது. ஆனால் எதைப் பற்றிய பயம் என்பதில்தான் அவள் கோட்டை விட்டாள்.

புதிதாகப் பெரியவளான பெண்ணை இரும்பு இல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரும் வெளியே அனுப்புவதில்லை. காற்று கறுப்பு அண்டாமல் இருக்க ஒரு ஆணியோ, உடைந்த அரிவாள் முனையோ, பழைய சாவியோ கையில் இருக்க வேண்டும். மணியம்மாவே அந்த வயதில் கரும்புக் கொல்லைக்கு அரிவாள் துண்டு முடிந்துகொண்டு போனவள்தான். பாவம், எந்தத் தாய் பயந்துபோய் வைத்து அனுப்பினாளோ, அதற்காகப் பிள்ளையைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, டி.சி. கொடுத்து, ஊர் சிரிக்க வைப்பதா? யோசித்து முடிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. பொட்டலம் பையிலிருந்து அவள் இடுப்பு மடிப்புக்குப் போனது. நீலச் சட்டை அதை மூடிக்கொண்டது.

"பயப்படாத கண்ணு," என்றாள் மெதுவாக. "பகல்ல ஒண்ணும் அண்டாது. உங்க அம்மா கிட்ட நான் குட்த்துட்றேன்."

"ஆன்ட்டி, அத குடுங்க ஆன்ட்டி. சாய்ந்திரம் வேணும்."

"சாய்ந்திரம் வேன்லதான போற? வேன்ல இன்னா பயம்? போ, போ, பின்னால ஆளு நிக்கிறாங்க."

ஸ்ரீதேவி டிபன் டப்பாவைக்கூட எடுக்காமல் உள்ளே போனாள். மணியம்மாதான் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த நாள் நகரவே இல்லை. ஸ்கூலில் கத்தி வைத்திருக்கும் ஒரே ஆள் இப்போது காவல்காரி. எங்கே வைப்பது? நான்கு மூலையிலும் கேமரா. குப்பைக்கூடையில் போட்டால் நாளைக்கு எந்தப் பிள்ளை எடுக்குமோ. தண்ணீர்ப் பானை மெஷினுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நுழைந்தால் அலறும் என்று மத்தியானம் வரை தொண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்கு ஏஜென்சி சூப்பர்வைசர் பைக்கில் வந்து மெஷினைத் துடைத்துப் பார்த்தார். "அம்மா, ஒருதரம் உள்ள வந்து போங்க, செக் பண்ணணும்" என்றார். மணியம்மா எழுந்திருக்கவில்லை. கன்னையா என்ன நினைத்தானோ, "நான் போறேன் சார், அந்தம்மாவுக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல" என்று சாவிக்கொத்தோடு நுழைந்து அலறவைத்தான். அவன் நல்லா இருக்கணும்.

"இன்னாமே, பேய் அறஞ்சாப்பல கீற?" என்று கேட்டான், சூப்பர்வைசர் போனதும்.

"வெயிலு," என்றாள்.

சாப்பாட்டு வேளையில் கேட் ரிஜிஸ்டரைப் புரட்டி ஸ்ரீதேவியின் அம்மா நம்பரைத் தேடி எடுத்தாள். அம்மா பேர் பத்மினி. நான்கு தரம் அடித்தும் எடுக்கவில்லை. பத்மினிக்கு மாங்காய் பேக்டரியில் வேலை. அங்கே போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஷிப்டு முடியும்வரை தரமாட்டார்கள். மணியம்மாவும் அங்கே சீசன் வேலை பார்த்தவள்தான், அவளுக்குத் தெரியும். சாயங்காலம் கூப்பிடட்டும், இரண்டு வார்த்தை திட்டலாம் என்று இருந்தாள்.

மூன்று மணிக்குக் கன்னையா டீ குடிக்கப் போன நேரத்தில், மேஜைக்கு அடியில் வைத்துத் துணியைப் பிரித்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட காய்கறிக் கத்தி. புதிதாகச் சாணை பிடித்திருந்தது. காற்று கறுப்புக்கு வைக்கும் இரும்புக்கு யாராவது சாணை பிடிப்பார்களா? வேப்பிலை இல்லை, கரித்துண்டு இல்லை, மஞ்சள் இல்லை. எந்தத் தாயும் இப்படி வைக்க மாட்டாள். அப்போதுதான் மணியம்மாவுக்கு அந்த 'சாய்ந்திரம் வேணும்' மறுபடி காதில் விழுந்தது. யாரையாவது குத்தப் போகிறாளா? குத்தியிருந்தால்? ஆனால் கத்தி தன்னிடம்தானே இருக்கிறது என்று ஒரு அல்ப ஆறுதல்.

நான்கு மணிக்குப் பெல் அடித்தது. நடந்துபோகிற பிள்ளைகள் முன்கேட் வழியாகக் கொட்டின. வேன்கள் பின்கேட் வழியாக உள்ளே வந்து நிற்கும். பின்கேட்டில் மெஷின் இல்லை. வேனையும் டிரைவரையும் யார் சோதிக்கிறார்கள்? நாலே காலுக்கு மணியம்மாவின் போன் அடித்தது.

"யாரும்மா? நாலு மிஸ்டு கால் வந்துகீது. எம்பொண்ணுக்கு இன்னா ஆச்சி?" பத்மினிக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் ஆவல. ஏம்மா, இரும்பு வெக்கறதுனா ஒரு ஆணி வெக்கக்கூடாதா? கத்தியவா வெச்சி அனுப்புவாங்க?"

"ஆணிதாம்மா வெச்சேன். பாவாட நாடாவுல முடிஞ்சி கீறேன். கத்தி ஏது?"

மணியம்மா போனை மறுகாதுக்கு மாற்றினாள். அந்தப் பக்கம் பத்மினி பேசிக்கொண்டே போனாள். "சடங்குக்கு முன்னாடியே வேன்ல போமாட்டேன்னு அழுவா. கடசி இறக்கம் எங்க ஊருதான், தனியா வர பயந்துக்கினு கீறாளேன்னு நானே அந்த டிரைவரு ஹரிபாபு கிட்ட சொன்னேன், பொண்ண முன்னாடி சீட்டுல உன் பக்கத்துல உக்கார வெச்சிக்கப்பான்னு. நல்ல மனுசன், அப்பிடியே செய்றேன்னாரு. ஏம்மா, கத்தி யாரு கிட்ட இருந்திச்சி? ஏம்மா?"

மணியம்மா பட்டென்று போனை அணைத்தாள். ஏனென்றால் ஹரிபாபு அப்போது அவளெதிரில்தான் வந்து நின்றான். ஆறாம் நம்பர் வேன். நெற்றியில் நாமம், கையில் வேன் சாவி. தினமும் காலையில் வணக்கம் சொல்கிறவன். ஒரு மழைநாளில் அவளையே ஊர் முனைவரை ஏற்றிக்கொண்டு போய் விட்டவன்.

"அக்கா, எய்த் கிளாஸ் ஸ்ரீதேவி இன்னும் வேனுக்கு வரல. இந்தப் பக்கம் போச்சா?"

"போய்டுச்சே," என்றாள் மணியம்மா. தன் குரலா அது என்று அவளுக்கே தெரியவில்லை. "அவங்க அம்மா வந்து கூட்டிக்கினு போய்ட்டாங்க."

"அம்மா பேக்டரிலதான கீறாங்க?" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. "பரவால்ல, அஞ்சு நிமிசம் பாக்கறேன்." சாவியை விரலில் சுற்றிக்கொண்டு பின்பக்கம் திரும்பி நடந்தான்.

மணியம்மா எழுந்தாள். நேராக மெஷினுக்குள் நுழைந்தாள். அது ஊரைக் கூட்டியது, சிவப்பு விளக்கு எரிந்தது, கன்னையா "இன்னாமே?" என்று எழுந்து நின்றான். அவள் நிற்கவில்லை.

எட்டாம் வகுப்பு காலி. லைப்ரரி பூட்டு. பெண்கள் பாத்ரூமில் கடைசிக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. குனிந்து பார்த்தாள், கால் தெரியவில்லை. கம்மோட் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

"ஸ்ரீதேவி. நான்தாம்மா, கேட் ஆன்ட்டி."

உள்ளேயிருந்து, "அவன் போய்ட்டானா?"

"நான் கீறேன் கண்ணு. தெற."

"கத்திய குடுங்க. அப்பதான் வெளிய வருவேன். எல்லாரும் எறங்கினப்புறம் நானும் அவனும் மட்டும்தான் ஆன்ட்டி."

"கத்தி எதுக்கும்மா? நான் கூட இருக்கேன்னு சொல்றேன்ல."

"நீங்கதான காலைல அத எடுத்துக்கினீங்க."

மணியம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ள ஒன்றைக் கொண்டுவந்தது. அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, 'வேன்ல இன்னா பயம்' என்று கேட்டு அனுப்பினாளே. வாய் அழுகிப் போகாதா! எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, தாழ் நீங்கும் சத்தம் கேட்டது. ஸ்ரீதேவி வந்து அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரின்சிபல் ரூமில் மணியம்மா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஏமிட்டம்மா இதி? என்னது இது? எப்படி உள்ள வந்துச்சு? யாரு விட்டது?"

"நான்தான் விட்டேன் சார். என்னிய வேலைய விட்டு அனுப்புங்க. போலீச கூப்பிடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி பின்கேட்ட மூடச் சொல்லுங்க." பாத்ரூமில் கேட்டதை அப்படியே சொன்னாள். அவர் ஸ்ரீதேவியைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பெரிய மனிதர்கள் யோசிக்க நேரம் ஆகும். பின்பக்கம் ஆறாம் நம்பர் வேன் ஹார்ன் அடித்தது. கிளம்பப் போகிறான்.

ஸ்ரீதேவியைப் பிரின்சிபலின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மணியம்மா ஓடினாள். "கன்னையா, பின்கேட்டு!" என்று அவள் போட்ட கூச்சலுக்கு அவன் காரணம் கேட்கவில்லை, செருப்பை விட்டுவிட்டு ஓடி, இரண்டு கதவையும் இழுத்துச் சேர்த்துக் குறுக்கே நின்றான். வேன் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஹரிபாபு தலையை வெளியே நீட்டி, "ஏமக்கா, என்ன விஷயம்?" என்றான். இப்போது சிரிக்கவில்லை.

மணியம்மாவுக்கு அவனைப் பார்க்கத் திராணி இல்லை. வேனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் முன்கதவைத் திறந்தாள். உள்ளே, டிரைவர் பக்கத்து சீட்டில், ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல். மடியில் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எறங்கு கண்ணு," என்றாள் மணியம்மா. "இந்த சீட்டுல எத்தினி நாளா உக்கார்ற நீ?"

அந்தப் பெண் டிரைவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பையை விட்டுவிட்டு விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்தது. மறுகைக்குப் போனாள்.